அலமாரிக்கும் ஒரு பிடிப்பு வேண்டும்

குழித்தறி அமைக்கும்போது நெசவாளர் முதலில் கவனிப்பது தறிக்கால்களையே. கால்கள் நிலத்தில் ஆழ ஊன்றாவிடில் ஒவ்வோர் அடிக்கும் தறி ஆடும், பாவு தளரும், துணி கோணும். வாழை பயிரிடுபவர் குலை தள்ளிய மரத்திற்கு முட்டுக் கொடுக்கிறார். கரும்பு பயிரிடுபவர் காற்றுக் காலத்திற்கு முன்னரே விட்டம் கட்டிவிடுகிறார். உயர்ந்து நிற்பது எதுவாயினும் அதற்கு ஒரு பிடிப்பு வேண்டும் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வாறிருந்தும், நம் வீடுகளிலே ஆறடி உயரத்தில், குழந்தைகள் உறங்கும் பாய்க்கு அருகில், எவ்விதப் பிடிப்புமின்றி நிற்கும் ஒரு பொருளை நாம் கவனிப்பதே இல்லை. அதுவே அலமாரி. அதைச் சுவரோடு பிணைத்து வைப்பதன் அவசியத்தையும், பிணைக்கும் முறைகளையும் குறித்து இவ்விதழில் சிறிது விரிவாக எழுத விரும்புகிறோம்.

சென்ற மழைக்காலத்தில் நம் சங்க அங்கத்தினர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். முன் அறையில் தறி. அதற்கு எதிரே, நான்கடி தூரத்தில், சுவரோரமாக ஒரு புத்தக அலமாரி. மெல்லிய பலகையால் செய்தது. ஆறடி உயரமும் முக்கால் அடி ஆழமும் உடையது. பத்தாம் வகுப்பில் படிக்கும் மூத்த பெண்ணின் பாடப் புத்தகங்களும் இளையவனின் சில படப் புத்தகங்களும் அதில் இருந்தன. நாம் செல்வதற்கு இரண்டு நாட்களுக்கு முன், நான்கு வயதுப் பையன் மேல் தட்டிலிருந்த படப் புத்தகத்தை எடுக்க விரும்பி, தட்டுகளையே படிகளாகக் கொண்டு ஏறியிருக்கிறான். கைகளால் பற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்திருக்கிறான். அலமாரியும் அவனோடு சாய்ந்துவிட்டது.

அன்று அந்த வீட்டைக் காத்தது தறிதான். சாய்ந்து வந்த அலமாரியின் மேல்விளிம்பு தறிக்காலில் மோதி நின்றது. அதற்கும் தரைக்கும் இடையே உண்டான சந்தில், சிதறிய புத்தகங்களுக்கு நடுவே பையன் கிடந்தான். நெற்றியில் ஒரு வீக்கம் தவிர வேறு தீங்கில்லை. பூமியில் ஊன்றியிருந்த பொருள், ஊன்றாத பொருளைத் தாங்கிக்கொண்டது. தறி வேறோர் அறையில் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அவ்வீட்டார் எண்ணிப் பார்க்கவும் அஞ்சினார்கள்.

"கனமான சாமான், அது எங்கே விழப்போகிறது என்று இருந்துவிட்டோம், தம்பி" என்றார் பையனின் பாட்டியார். தகப்பனார் பையனின் சேட்டையைக் குறித்து வருந்தினார். தாயாரோ தம்மையே நொந்துகொண்டார். கைக்குழந்தை கீழ்த் தட்டுகளிலிருந்த புத்தகங்களை இழுத்துக் கிழிப்பதால், அவற்றையெல்லாம் மேல் தட்டுகளுக்கு மாற்றியவர் அவரே. புத்தகங்களைக் காக்கச் செய்த அந்த ஏற்பாட்டினால் கீழே கனம் குறைந்தது. மேலே கனம் கூடியது. பையன் ஏறவேண்டிய காரணமும் உண்டாயிற்று. இதில் தாயாரைக் குறை கூறுவது நியாயமன்று. பையனைக் கடிந்துகொள்வதாலும் பயனில்லை. ஏறுவது குழந்தையின் இயல்பு. ஏறினால் சாயாதபடி வைப்பது பெரியவர்களின் கடமை. அக்கடமையை நமக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதே உண்மை.

பழைய வீடுகளில் இல்லாத அபாயம்

புத்தகக் குவியல் ஆளைக் கொன்ற கதை மிகவும் பழையது. ஒன்பதாம் நூற்றாண்டில் இராக் நாட்டின் பாஸ்ரா நகரில் வாழ்ந்த அல் ஜாஹிஸ் என்னும் பேரறிஞர், தாம் சேர்த்த நூல்கள் தம்மீது சரிந்து விழுந்தே மாண்டார் என்று கர்ணபரம்பரையாகக் கூறுவர். அது கதையேயாயினும், நூல்களின் கனத்தை அக்காலத்தவரும் அறிந்திருந்தனர் என்பது தெரிகிறது.

நம் நாட்டுப் பழைய வீடுகளில் இவ்வபாயம் பெரும்பாலும் இல்லை. சுவர்கள் ஒன்றரை அடி, இரண்டடி கனமுடையவை. விளக்கு வைக்க மாடம், பொருள் வைக்கச் சுவரலமாரி, கனமான சாமான்களுக்குப் பரண், பால் தயிருக்கு உறி என்று எல்லாம் வீட்டோடு சேர்ந்தே அமைந்தன. கடப்பைக் கல்லைச் சுவரில் பதித்து அமைத்த தட்டுகள் இன்றும் பல வீடுகளில் உள்ளன. அவை சாய வழியே இல்லை. சுவர் நின்றால் அவையும் நிற்கும்.

இக்காலத்தில் சுவர்கள் மெலிந்துவிட்டன. அறைகளைப் பிரிக்கும் சுவர் நாலரை அங்குலமே இருக்கிறது. அதில் மாடம் குடைய இடமில்லை. வாடகை வீட்டில் குடியிருப்போர், மாறிச் செல்லும்போது எடுத்துச் செல்லத்தக்க சாமான்களையே விரும்புகிறார்கள். ஆகவே தனியே நிற்கும் மர அலமாரியும் இரும்பு பீரோவும் வந்தன. இடம் குறைவாதலால் அவை அகலத்தில் வளராமல் உயரத்தில் வளர்ந்தன. வசதி வந்தது நல்லதே. ஆனால் சுவரலமாரிக்குத் தானாகவே இருந்த பிடிப்பு தனி அலமாரிக்கு இல்லை. அதை நாமே அளிக்கவேண்டும் என்பதை மறந்துவிட்டோம்.

நெசவாளர் வீட்டிற்கு இன்னும் ஒரு விசேஷம் உண்டு. தறி அடிக்கும் வீட்டில் தரை ஓயாமல் அதிர்கிறது. விசைத்தறி ஓடும் இடமானால் சொல்லவேண்டியதில்லை. அந்த அதிர்ச்சியில் தரைமேல் நிற்கும் சாமான் சிறிது சிறிதாக இடம் நகர்கிறது; திருகாணிகள் தளர்கின்றன. மழை நாட்களில் ஈரத்திற்கும் கரையானுக்கும் அஞ்சி அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அவ்விடைவெளி அலமாரி முன்னும் பின்னும் ஆட இடம் தருகிறது.

கனமான பொருள் ஏன் விழுகிறது?

கனமாயிருப்பது வேறு, நிலையாயிருப்பது வேறு. இதை ஒரு சிறு கணக்கினால் விளக்குவோம்.

ஆறடி உயரமும், ஒன்பது அங்குல ஆழமும், 24 கிலோ எடையும் உள்ள ஒரு வெற்று அலமாரியை எடுத்துக்கொள்வோம். அதன் எடை முழுவதும் நடுவில் இருப்பதாகக் கொண்டால், முன் விளிம்பிலிருந்து அது நாலரை அங்குலம் உள்ளே இருக்கிறது. அலமாரியைப் பின்னோக்கிப் பிடித்து நிறுத்துவது அந்த நாலரை அங்குலமே. உச்சியைப் பிடித்து முன்னே இழுப்பவருக்கோ 72 அங்குல நெம்புகோல் கிடைக்கிறது. 24-ஐ நாலரையால் பெருக்கி 72-ஆல் வகுத்தால் ஒன்றரை வருகிறது. ஆக, உச்சியில் ஒன்றரைக் கிலோ அளவு இழுப்பு ஏற்பட்டாலே அலமாரியின் பின் அடி தரையைவிட்டு எழும்பத் தொடங்கும். பதினைந்து கிலோ எடையுள்ள ஒரு குழந்தை அதில் தொற்றிக்கொண்டு, தன் உடல் கனம் முன் விளிம்பிலிருந்து ஏழெட்டு அங்குலம் வெளியே நிற்கும்படி பின்னால் சாய்ந்தாலும் அதே விளைவுதான்.

அலமாரி நிறையப் புத்தகம் இருந்தால் நிலை மாறும். மூன்றடி அகலமுள்ள ஒரு தட்டில் நெருக்கமாக அடுக்கிய புத்தகங்கள் சுமார் 30 கிலோ இருக்கும். ஐந்து தட்டுகளுக்கு 150 கிலோ. அப்போது அலமாரியைச் சாய்க்க உச்சியில் ஏறத்தாழ 11 கிலோ இழுப்பு வேண்டும். குழந்தையால் அது எளிதன்று. ஆனால் தடுமாறி விழப்போகும் ஒரு பெரியவர் சட்டென்று பற்றினால் அவ்வளவு இழுப்பு உண்டாகிவிடும். அவ்வாறு விழும் அலமாரி 170 கிலோவுக்கு மேல் எடையுடையது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

கனம் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதும் முக்கியம். கனமெல்லாம் கீழ்த் தட்டுகளில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்குமானால், அலமாரியின் உச்சி பதின்மூன்று அங்குலம் முன்னே சாய்ந்தாலும் கைவிட்டவுடன் திரும்பி நின்றுவிடும். அதே கனம் ஐந்தடி உயரத்தில் இருந்தால் ஐந்தரை அங்குலச் சாய்விலேயே திரும்பாமல் விழும். தலைச்சுமை கூடக்கூட நடை தடுமாறுவது போன்றதே இது. இழுப்பறைகள் உள்ள அலமாரியில் மற்றோர் ஆபத்தும் உண்டு. இரண்டு மூன்று அறைகளை ஒரே சமயத்தில் இழுத்துவிட்டால் கனம் முன்னே வந்துவிடுகிறது. அவற்றைப் படியாக்கிக் குழந்தை ஏறினால் கேட்க வேண்டியதில்லை.

பிற நாடுகள் கற்ற பாடம்

அமெரிக்காவில் இவ்விஷயம் பல குழந்தைகளின் உயிரைக் கொண்ட பின்னரே சட்டமாயிற்று. சுவரில் பிணைக்கப்படாத இழுப்பறைப் பெட்டிகள் கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததன் காரணமாக, 2016 ஜூன் மாதத்தில் ஐக்கியா என்னும் நிறுவனம் அந்நாட்டில் விற்ற சுமார் 2 கோடியே 90 லட்சம் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. குழந்தைகளை இழந்த பெற்றோர்கள் ஒன்றுகூடி இடைவிடாது முயன்றதன் பயனாக 2022 டிசம்பரில் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன்படி வந்த கட்டாயத் தர விதி 2023 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இழுப்பறைகள் திறந்திருக்கையில் ஒரு குழந்தை ஏறினாலும் கவிழாதபடி துணி வைக்கும் அலமாரிகள் செய்யப்பட வேண்டும் என்பது அதன் சாரம்.

அவ்விதியில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. 27 அங்குல உயரமுள்ள அலமாரியே அதற்கு உட்பட்டுவிடுகிறது. நம் இடுப்பளவும் வராத பெட்டிக்கே அங்கே இவ்வளவு எச்சரிக்கை. மற்றொன்று, அவ்விதி துணி வைக்கும் அலமாரிகளுக்கே உரியது. புத்தக அலமாரிக்கு அன்று. புத்தக அலமாரியைப் பிணைத்து வைக்கும் பொறுப்பு அங்கும் வீட்டாருடையதே.

ஜப்பான் தேசத்தார் கற்ற பாடம் வேறு வகையானது. 1995 ஜனவரி 17 அன்று விடியற்காலை 5 மணி 46 நிமிடத்திற்குக் கோபே நகரை நில நடுக்கம் தாக்கியது. அதனால் இறந்தோர் தொகை 6,434. மக்கள் படுக்கையில் இருந்த வேளையாதலால், இடிந்த வீடுகளுக்கும் சாய்ந்த சாமான்களுக்கும் அடியில் நசுங்கி இறந்தவர்களே மிகப் பலர். அதற்குப் பின் அலமாரியைச் சுவரோடு பிணைப்பது அந்நாட்டில் ஓர் இல்லறப் பழக்கமாகப் போதிக்கப்படுகிறது. அண்மைக் கால நில நடுக்கங்களில் காயமுற்றோரில் மூவரில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை சாய்ந்த சாமான்களாலும் விழுந்த பொருள்களாலும் அடிபட்டவர்கள் என்று டோக்கியோ தீயணைப்புத் துறை கணித்திருக்கிறது.

நம் பகுதியில் நில நடுக்கம் அரிது. எனினும் அறவே இல்லையென்று சொல்வதற்கில்லை. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் வட்டாரம் நடுங்கியது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் உண்டான நடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டது. ஆயினும் நம்மைப் பொறுத்தவரை முதன்மையான காரணம் நில நடுக்கமன்று. அது என்றோ ஒருநாள் வருவது. குழந்தை தினந்தோறும் ஏறுகிறது.

சுவரை அறிந்து பிடிப்பைத் தேர்க

பிடிப்பு போடுவதற்கு வேண்டியவை சிலவே: இரண்டு 'எல்' வடிவ இரும்புப் பட்டைகள், திருகாணிகள், பிளக்குகள், துளையிடும் இயந்திரம். இரும்புக் கடையில் 'எல் கிளாம்ப்' என்று கேட்டால் தருவார்கள். இயந்திரம் நீங்கலாக மற்றவற்றின் விலை, பண்டிகைக்கு வாங்கும் இனிப்புப் பொட்டலத்தின் விலையைத் தாண்டாது.

பிடிப்பை அலமாரியின் உச்சியிலேயே போடவேண்டும். பாதி உயரத்தில் போடும் பிடிப்பு தாங்கவேண்டிய இழுப்பில் பாதியே உச்சியில் போடும் பிடிப்புக்கு நேரும். இரு பக்கங்களிலும் ஒவ்வொன்றாக இரண்டு பிடிப்புகள் வேண்டும். பட்டையின் ஒரு பக்கத்தை அலமாரியின் கெட்டியான மேற்பலகையிலோ பக்கப் பலகையிலோ முடுக்குக. பின்புறம் அடித்திருக்கும் மெல்லிய தகட்டுப் பலகையில் முடுக்கினால் முதல் இழுப்பிலேயே பிய்ந்துவிடும்.

மறுபக்கம் சுவரில் சேர்வது. இங்கேதான் சுவரின் இயல்பை அறிய வேண்டும்.

செங்கல் சுவராயின் காரியம் எளிது. பூச்சின் கனம் சுமார் அரை அங்குலம் இருக்கும்; அதற்குப் பிடிக்கும் சக்தி கிடையாது. துளை பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் ஒன்றரை அங்குலமேனும் செல்லவேண்டும். 8 மில்லிமீட்டர்த் துளை, அதே அளவு பிளக், இரண்டரை அங்குலத் திருகாணி ஆகியவை பெரும்பாலான அலமாரிகளுக்குப் போதும். இரு கற்களுக்கு இடையிலுள்ள சாந்தில் துளை விழுந்தால் பிடிப்பு தளரும். சற்றுத் தள்ளி மீண்டும் துளைக்க. துளையிலுள்ள தூளை அகற்றாமல் பிளக்கைச் செலுத்தினால் அது நழுவும். சைக்கிள் பம்பினால் ஊதித் தூளை வெளியேற்றுவது நல்ல முறை.

இந்தப் பிளக்கின் வரலாறு நூலோடு உறவுடையவர்களுக்குச் சுவையானது. முற்காலத்தில் சுவரில் சதுரமாகக் குடைந்து மர ஆப்பு அடித்து, அதில் ஆணி அறைவதே வழக்கம். 1911-ஆம் ஆண்டு அளவில், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைச் சிதைக்காமல் மின்சாரச் சாதனங்களைப் பொருத்த வேண்டியிருந்த ஜான் ராலிங்ஸ் என்னும் கட்டட வேலைக்காரர், சணல் நாரைப் பிணைத்து ஒரு சிறு குழல் செய்தார். திருகாணி நுழைய நுழைய அக்குழல் விரிந்து துளையின் பக்கங்களை இறுகப் பற்றிக்கொண்டது. அவர் பெயராலேயே நம் தச்சர்கள் இன்றும் 'ராவல் பிளக்' என்கிறார்கள். சணல் போய்ப் பிளாஸ்டிக் வந்துவிட்டது, தத்துவம் அதுவே.

காங்கிரீட் தூணோ உத்திரமோ அமைந்த இடமாயின் பிடிப்பு மிக உறுதியாயிருக்கும். ஆனால் சாதாரணத் துளைக்கருவி நுழையாது. சம்மட்டி அடிபோல் அதிர்ந்து துளைக்கும் இயந்திரம் வேண்டும்.

ஹாலோ பிளாக் சுவரில் உள்ளே வெற்றிடம் இருப்பதால் சாதாரணப் பிளக் பிடிக்காது. உட்புறம் சென்றபின் விரிந்து மடங்கிப் பற்றிக்கொள்ளும் வகைப் பிளக்குகள் உண்டு; அவற்றையே வாங்கவேண்டும். இயந்திரத்தின் அதிர்வை நிறுத்திவிட்டு மெல்லத் துளைப்பது அவசியம். இல்லையேல் கல் உடைந்து துளை பெரிதாகிவிடும்.

மண் சுவரிலும், உதிர்ந்துபோன பழைய சுண்ணாம்புச் சுவரிலும் எந்தப் பிளக்கும் நிற்காது. அங்கே சுவரை ஊடுருவித் துளைத்து, நீண்ட போல்ட்டைச் செலுத்தி, வெளிப்புறத்தில் ஒரு சாண் அகலமுள்ள பலகையையோ இரும்புத் தகட்டையோ வைத்து நட்டினால் முடுக்குவது உறுதியான வழி. அருகில் மரத்தூணோ உத்திரமோ இருந்தால் அதனோடு இரும்புப் பட்டையால் பிணைப்பது அதைவிட எளிது. ஓலைத் தடுப்பும் தகரத் தடுப்பும் தம்மையே தாங்குவன. அவற்றில் எதையும் பிணைக்கலாகாது.

ஈரத்திற்கும் கரையானுக்கும் அஞ்சுவோர் அலமாரியைத் தள்ளி வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஓர் அங்குலக் கனமுள்ள ரீப்பர் கட்டையைச் சுவரில் முதலில் முடுக்கி, அதன்மேல் அலமாரியைப் பிணைத்தால் காற்றுக்கு வழியும் உண்டு, ஆட்டமும் இல்லை. கட்டைக்குக் கரையான் எண்ணெய் பூசி வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

துளையிடுமுன் ஓர் எச்சரிக்கை. சுவிட்சுப் பலகைக்கு நேர் மேலும் நேர் கீழும் துளைக்கலாகாது. சுவருக்குள் மின்கம்பி அவ்வழியே செல்லும். குழாய் இருக்கும் இடத்தையும் தவிர்க்க. ஐயமுள்ள இடத்தில் மின்வேலை தெரிந்தவரை அழைத்துக் காட்டிய பின்னரே துளைக்க. கண்ணில் தூள் விழாதபடி கண்ணாடி அணிவது நலம்.

வேலை முடிந்தபின் உச்சியை இரு கைகளாலும் பிடித்து முன்னே இழுத்துப் பார்க்க. அசைவு இருக்கலாகாது. தறி அதிரும் வீடுகளில் மாதம் ஒருமுறை திருகாணிகளைச் சோதித்து முடுக்குவது அவசியம். கயிறு நாளடைவில் தளரும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டை காலப்போக்கில் நொறுங்கும். இவற்றை நம்பலாகாது.

பிடிப்பு போட இயலாத இடத்தில்

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உடையவர் சம்மதிப்பதில்லை என்று பலர் கூறுவர். இரண்டு சிறு துளைகளைக் காலி செய்யும்போது பட்டியால் அடைத்துத் தருவதாகச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள். காரணத்தையும் சொல்லுக. குழந்தைக்காக என்றால் மறுக்க மனம் வராது.

அவ்வாறும் இயலாதபோது உயர்ந்த அலமாரியையே தவிர்ப்பது நன்று. இடுப்பளவு உயரமுள்ள இரண்டு சிறு அலமாரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதே அளவு நூல்கள் கொள்ளும். அலமாரியின் முன் அடியில் மெல்லிய ஆப்பு வைத்துச் சற்றே சுவர்ப்பக்கம் சாய்வித்தல் உதவும்; ஆனால் அது பிடிப்புக்கு ஈடாகாது. பாயோ தொட்டிலோ அலமாரியின் உயரத்திற்குச் சமமான தூரம் தள்ளியிருக்க வேண்டும். விழுந்தாலும் எட்டாத இடத்தில் குழந்தை உறங்கட்டும்.

பிடிப்பு போட்ட அலமாரியிலும் அடுக்கும் முறை ஒழுங்காயிருத்தல் வேண்டும். கனமானவை கீழே, இலேசானவை மேலே. குழந்தைகளின் புத்தகங்கள் அவர்கள் கைக்கெட்டும் தட்டில் இருக்கவேண்டும். நூல் வாசகரை எளிதில் அடையவேண்டும் என்பதை வற்புறுத்தி 1931-இல் நூலக விஞ்ஞானத்தின் ஐந்து விதிகளை வெளியிட்ட எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள் நம் சீர்காழியில் பிறந்தவர். ஏறி எடுக்கவேண்டிய நூல் குழந்தைக்குப் பயன்படாது, அபாயத்திற்கே வழிகாட்டும். இனிப்பு டப்பா, பொம்மை, கைப்பேசி முதலியவற்றை அலமாரியின் தலையில் வைக்கும் வழக்கத்தை அறவே விடவேண்டும். குழந்தையை ஏறத் தூண்டுபவை அவையே.

இரும்பு பீரோவுக்கும் இதே விதி. கதவைப் பிடித்து ஊஞ்சலாடாத குழந்தை அரிது. நூறு கிலோ எடை உள்ள பீரோ என்றாலும் கதவு திறந்த நிலையில் கனம் முன்னே வந்துவிடுகிறது. உட்புறமிருந்து பின் தகட்டின் மேற்பகுதியில் துளையிட்டு, அகன்ற வாஷர் வைத்துச் சுவரோடு முடுக்கலாம். தரை கழுவும் வசதிக்காகச் செங்கல்மேல் பீரோவை நிறுத்துவது தவறு. மேசைமேல் வைத்த தொலைக்காட்சிப் பெட்டியையும் சுவரிலோ மேசையிலோ பிணைத்துவிட வேண்டும்.

ஒருகால் அலமாரி விழுந்து எவரேனும் சிக்கினால், அதை இழுக்காமல் இரண்டு மூன்று பேராகத் தூக்கி அகற்றி, 108 ஆம்புலன்சுக்குச் சொல்லுக. குழந்தை அழுது ஓய்ந்து விளையாடத் தொடங்கினாலும், தலையிலோ மார்பிலோ வயிற்றிலோ அடிபட்டிருந்தால் வைத்தியரிடம் காட்டாமல் இருக்கலாகாது.

சங்கம் செய்யத்தக்கது

இவ்வளவும் படித்த அங்கத்தினர்கள், "பட்டையும் ஆணியும் வாங்கிவிடலாம், துளையிடும் இயந்திரத்திற்கு எங்கே போவது?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆண்டுக்கு ஒருமுறை பயன்படும் கருவியை ஒவ்வொரு வீட்டாரும் வாங்குவது வீண் செலவு. இத்தகைய காரியத்திற்காகவே கூட்டுறவு இருக்கிறது. 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் அன்பர்கள் சிலர் மளிகைப் பொருள்களைச் சேர்ந்து வாங்கி நியாய விலைக்குப் பெறவேண்டும் என்று ஒரு சங்கம் கண்டனர். தனியே வாங்க இயலாததைச் சேர்ந்து வாங்குவது என்ற அதே முறை இதற்கும் பொருந்தும்.

ஒவ்வொரு சங்கமும் அதிர்ந்து துளைக்கும் இயந்திரம் ஒன்றும், சில அளவுத் துளையூசிகளும் வாங்கி வைக்கட்டும். 'எல்' பட்டை, பிளக், திருகாணி முதலியவற்றை மொத்தமாகத் தருவித்து அடக்க விலைக்கே அங்கத்தினர்களுக்கு அளிக்கட்டும். தச்சு வேலையோ மின்வேலையோ தெரிந்த ஓர் இளைஞரை அமர்த்தி, தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தால், சில வாரங்களில் எல்லா வீடுகளும் முடிந்துவிடும். கைக்குழந்தைகளும் முதியோரும் உள்ள வீடுகளுக்கு முதலிடம் தரவேண்டும். வேலை முடிந்த வீடுகளைப் பதிவேட்டில் குறித்து, ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதித்து வருவது நன்று.

சங்கத்தின் சொந்தக் கட்டடத்தையும் மறக்கலாகாது. நூல் கட்டுகளும் சேலை மடிப்புகளும் அடுக்கிய உயர்ந்த தட்டுகளும், விதை மூட்டை வைக்கும் தட்டுகளும் நம் கிடங்குகளில் தனியே நிற்கின்றன. அவற்றினிடையே குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவர்களும் நம்மவர்களே. அங்கத்தினர்களுக்குச் சொல்லுமுன் சங்கம் தன் தட்டுகளைப் பிணைத்துக் காட்டுவது முறை.

தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட வீட்டிற்கு இம்மாதம் மறுபடியும் சென்றோம். அலமாரி அதே இடத்தில், சுவரோடு இரண்டு பட்டைகளால் பிணைக்கப்பட்டு நிற்கிறது. கனமான பாடப் புத்தகங்களும் படப் புத்தகங்களும் கீழ்த் தட்டுகளுக்கு வந்துவிட்டன. கைக்குழந்தை கிழிப்பதைத் தடுக்க அத்தட்டுகளுக்கு மட்டும் ஒரு சிறு கதவு போட்டிருக்கிறார்கள். பையனுக்கு அக்கதவைத் திறக்கத் தெரியும். பிணைத்த மறுநாளே அவன் மீண்டும் ஏறிப் பார்த்ததாகவும், அலமாரி அசையவில்லை என்றும் பாட்டியார் சொன்னார். தகப்பனார் இப்போது அவனைக் கடிந்துகொள்வதில்லை. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் துளையிடும் இயந்திரம் வாங்கும் தீர்மானத்தைத் தாமே கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். பிற சங்கத்தாரும் தத்தம் கூட்டங்களில் இதனை ஆலோசனைக்கு எடுத்துக்கொள்வார்களாக.